டென்வருக்கு எடுத்துப் போனேன், எடிசனுக்கு விட்டுவிட்டுப் போனேன்

போன கோடையில் எங்கள் வீட்டில் இரண்டு பயணம். ஜூன் மாதம் டாலஸிலிருந்து டென்வருக்குக் காரில். ஆகஸ்டில் நியூ ஜெர்சியில் எடிசனுக்கு, மச்சான் மகளின் அரங்கேற்றம். இரண்டுக்கும் பெட்டி கட்டும்போது மனைவி கேட்டது ஒரே கேள்வி: "அதையும் எடுத்துக்கிட்டுத்தான் வரணுமா?"

அது என்பது என்னுடைய க்ளாக் 19 கைத்துப்பாக்கி. ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். டெக்சஸுக்குள் எங்கே போனாலும் பெரும்பாலும் இடுப்பில் இருக்கும், சட்டைக்கு உள்ளே. அது சரியா தவறா என்ற வாதத்தை இங்கே எடுக்கப் போவதில்லை. எங்கள் வீட்டிலேயே அதற்கு இரண்டு கட்சி. கேள்வி சின்னது: மாநில எல்லை தாண்டும்போது கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல என்னென்ன வழி இருக்கிறது, எந்தப் பயணத்துக்கு எது ஒத்துவரும்.

அதற்கு முன்னால் நம்மவர்களுக்காக ஒரு விஷயம், ஏனென்றால் இதில் சிக்குபவர்கள் இருக்கிறார்கள். எச்-1பி, எஃப்-1, எச்-4 போன்ற விசாவில் நாட்டுக்குள் வந்திருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே பொதுவாகக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போல ஒருசில விலக்குகள்தான் உண்டு. நண்பர் டிக்கியில் வைத்துவிட்டுப் போன துப்பாக்கியோடு காரை ஓட்டிப் போவதைக்கூட யோசித்துத்தான் செய்ய வேண்டும். கிரீன் கார்டுகாரர்களுக்கும் குடியுரிமை பெற்றவர்களுக்கும் இந்தத் தடை இல்லை. கீழே எழுதுவதெல்லாம் அவர்களுக்குத்தான். கொலராடோ என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அங்கே கஞ்சா கடையில் கிடைக்கும், ஆனால் கூட்டாட்சிச் சட்டத்தில் அது இன்னும் தடைதான். கஞ்சா பயன்படுத்துபவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதும் அதே சட்டம்.

அமெரிக்கா முழுவதும் செல்லும் துப்பாக்கி உரிமம் என்று சாதாரண ஆளுக்கு ஒன்று கிடையாது. பணியில் இருக்கும் போலீஸ்காரர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் 2004-ல் ஒரு சட்டம் வந்தது. அவர்கள் கதை வேறு. டிரைவிங் லைசென்ஸ் போல எல்லா மாநிலமும் ஏற்க வேண்டும் என்ற மசோதா 2017 டிசம்பரில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் படுத்துவிட்டது. 2022-ல் உச்ச நீதிமன்றம் நியூயார்க் வழக்கில் கொடுத்த புரூயன் தீர்ப்பைப் பார்த்துவிட்டு "இனி எங்கும் எடுத்துப் போகலாம்" என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். அந்தத் தீர்ப்பு சொன்னது, உரிமம் கேட்பவரிடம் "உனக்கு மட்டும் என்ன விசேஷத் தேவை" என்று கேட்டு மறுக்கக் கூடாது என்பதைத்தான். உரிமமே வேண்டாம் என்றோ, டெக்சஸ் உரிமத்தை நியூயார்க் மதிக்க வேண்டும் என்றோ சொல்லவில்லை.

ஆக, ஒவ்வொரு எல்லைப் பலகையைத் தாண்டும்போதும் நாம் சட்டத்தின் கண்ணில் புது ஆள்.

உரிமமே இல்லாமல் போவது

2024 நடுவில் லூசியானாவும் சேர்ந்ததோடு 29 மாநிலங்களில் மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் தேவையில்லை என்றாகிவிட்டது. வெர்மான்ட்டில் எப்போதுமே கேட்டதில்லை. அலாஸ்கா 2003-ல், அரிசோனா 2010-ல், டெக்சஸ் 2021 செப்டம்பரில், ஃபுளோரிடா 2023 ஜூலையில். டாலஸிலிருந்து ஃபுளோரிடா வரை லூசியானா, மிசிசிப்பி, அலபாமா வழியாகப் போனால் வழியில் எல்லாமே இந்த வகைதான். செலவு பூஜ்யம், வகுப்பு இல்லை, கைரேகை இல்லை. சரி, அப்புறம் என்ன பிரச்சினை?

பிரச்சினை பள்ளிக்கூடம். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள், அதாவது சுமார் 300 மீட்டருக்குள், துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று தடுக்கிறது. முதல் சட்டம் 1995-ல் உச்ச நீதிமன்றத்தில் அடிபட்டது. சான் அன்டோனியோவில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் ரிவால்வரோடு பள்ளிக்கு வந்த வழக்கு அது. நாடாளுமன்றம் உடனே வார்த்தைகளை மாற்றி அடுத்த வருடமே திரும்பக் கொண்டுவந்துவிட்டது. விலக்கு யாருக்கு என்றால், அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த உரிமம் உள்ளவருக்கு. தனியார் இடத்துக்குள்ளும் தடை இல்லை. தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் இருந்தாலும் பரவாயில்லை. மற்றபடி உரிமம் இல்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு ஊருக்குள் ஓட்டிப் போகிறவர் எத்தனை பள்ளி வாசலைத் தாண்டுகிறார் என்று வரைபடத்தில் பார்த்தால் தலை சுற்றும். நெடுஞ்சாலையை விட்டு இறங்கி டீ குடிக்கப் போகும் வழியிலேயே இரண்டு இருக்கும். சும்மா சாலையில் போனதற்காக மட்டும் வழக்குப் போடுவது அரிது என்பார்கள். அரிது என்பது வேறு, குற்றமில்லை என்பது வேறு.

இன்னொரு சின்னக் குறை: வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும். சில இடத்தில் 18, சில இடத்தில் 21. கல்லூரி போகும் மகனை நம்பிக் காரில் வைத்து அனுப்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

சொந்த மாநில உரிமம்

டெக்சஸில் உரிமம் தேவையில்லை என்றான பிறகும் எல்டிசி என்கிற லைசென்ஸ் டு கேரி தொடர்ந்து கொடுக்கப்படுகிறது. "தேவையே இல்லாததுக்கு ஏன் காசு கட்டணும்" என்று என்னிடம் கேட்காத நண்பர் இல்லை. கட்டணம் 40 டாலர். நான்கிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு. அப்புறம் சுடும் தேர்வு: மனித உருவம் வரைந்த காகிதத்தில் 50 குண்டு. 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. 250 மதிப்பெண்ணுக்கு 175 எடுத்தால் போதும்.

என் பக்கத்துத் தடத்தில் அறுபது வயது தாண்டிய ஒரு பாட்டி, கடன் வாங்கிய துப்பாக்கியில் சுட்டார். 3 கஜம் என்பது நம் வீட்டுக் கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைதான் இருக்கும். அதில் எல்லாமே கறுப்புக்குள் விழுந்தன. 15 கஜத்துக்குப் பலகையைத் தள்ளியதும் என் கை லேசாக ஆடியது. பாட்டியின் கை ஆடவில்லை. முடிவில் காகிதத்தைச் சுருட்டி என்னிடம் காட்டிச் சிரித்தார். என்னுடையதை நான் விரித்துக் காட்டவில்லை.

உரிமத்தின் பயன் டெக்சஸுக்கு வெளியேதான் தெரியும். மாநிலங்கள் ஒன்றின் உரிமத்தை ஒன்று ஏற்பதைப் பரஸ்பர அங்கீகாரம் என்கிறார்கள். பெயரில் பரஸ்பரம் இருந்தாலும் பல நேரம் ஒருவழிதான்: நான் உன்னுடையதை ஏற்கிறேன், நீ என்னுடையதை ஏற்காவிட்டாலும் பரவாயில்லை என்பது போல. டெக்சஸ் உரிமம் நியூ மெக்சிகோவில் செல்லும், கொலராடோவில் செல்லும், நெவாடாவில், பென்சில்வேனியாவில் செல்லும். இவற்றில் எதுவும் உரிமமில்லாமல் மறைத்து எடுத்துச் செல்ல விடும் மாநிலம் இல்லை. அந்த அட்டைக்கு 40 டாலர் கொடுத்தது இதற்காகத்தான்.

செல்லாத இடங்களின் பட்டியல் இன்னும் முக்கியம்: கலிஃபோர்னியா, நியூயார்க், நியூ ஜெர்சி, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ஓரிகன், ஹவாய். இல்லினாய் ஒரு விநோதம். அங்கே வெளிமாநிலத்தவர் சொந்த மாநிலத்தில் எடுத்துச் செல்லத் தகுதி உள்ளவர் என்றால் காருக்குள் வைத்திருக்கலாம். அதை இடுப்பில் வைத்துக்கொண்டு காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. சிகாகோ போகிறவர் ஹோட்டல் வாசலில் என்ன செய்வார் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை.

உரிமம் செல்லும் என்பதால் டெக்சஸ் விதிகள் கூடவே வரும் என்று நினைத்துவிடக் கூடாது. போன இடத்து விதிதான். மிச்சிகனில், வட கரோலினாவில் போலீஸ்காரர் காரை நிறுத்தினால், அவர் கேட்கும் வரை காத்திராமல் "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று நாமே சொல்ல வேண்டும். டெக்சஸில் அடையாள அட்டை கேட்டால் உரிமத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். நான் எங்கே போனாலும் முதலிலேயே சொல்லிவிடுவேன், இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு. நம் நிறத்துக்கும் நம் ஆங்கிலத்துக்கும் அதுதான் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்டிசிக்கு இன்னொரு லாபம் உண்டு, இதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பையில் துப்பாக்கி இருப்பதை மறந்து வந்து மாட்டிக்கொண்டால், டெக்சஸில் உரிமம் உள்ளவர் உடனே அதை எடுத்துக்கொண்டு வெளியேறினால் மாநிலப் போலீஸ் கைது செய்யாமல் விட 2015 சட்டம் இடம் கொடுக்கிறது. கூட்டாட்சி அபராதம் அப்போதும் தப்பாது.

வெளிமாநில உரிமம்

யூட்டா, அரிசோனா, ஃபுளோரிடா, வர்ஜீனியா ஆகியவை தங்கள் மாநிலத்தில் குடியிருக்காதவர்களுக்கும் உரிமம் கொடுக்கின்றன. துப்பாக்கிக் கண்காட்சிகளில் மடக்கு மேசை போட்டு "ஒரே அட்டை, முப்பதுக்கும் மேல் மாநிலங்கள்" என்று கூவுவது இதைத்தான். அரை நாள் வகுப்பு. யூட்டாவுக்குச் சுடும் தேர்வுகூடக் கிடையாது.

எனக்கு இதில் ஆர்வம் வராததற்குக் காரணம் கொலராடோ. அந்த மாநிலம் பிற மாநிலங்கள் கொடுத்த உரிமத்தை ஏற்கும், ஆனால் உரிமம் கொடுத்த மாநிலத்திலேயே நாம் குடியிருக்க வேண்டும் என்று கேட்கும். டெக்சஸ்காரர் யூட்டா உரிமத்தைக் காட்டினால் அங்கே அது வெறும் பிளாஸ்டிக். பென்சில்வேனியாவும் மிச்சிகனும் இதே மாதிரிதான். உரிமமே கேட்காத மாநிலங்களை எடுத்துவிட்டு, சொந்த உரிமம் ஏற்கெனவே செல்லும் இடங்களையும் கழித்துப் பார்த்தால், அந்த "முப்பது" எண்ணிக்கையில் புதிதாக மிஞ்சுவது விரல் விட்டு எண்ணும் அளவு. யூட்டாவும் 2011-லிருந்து சும்மா கொடுப்பதில்லை: நம் மாநிலம் யூட்டா உரிமத்தை ஏற்கும் மாநிலமாக இருந்தால், முதலில் சொந்த மாநில உரிமத்தை வாங்கி வா என்கிறது.

இதனால் உண்மையில் பயன் பெறுபவர்கள் சொந்த மாநில உரிமத்துக்கு வெளியே மதிப்பு குறைவாக இருப்பவர்கள். கலிஃபோர்னியாவிலோ நியூ ஜெர்சியிலோ இருந்துகொண்டு அடிக்கடி தெற்கே போகிறவருக்கு ஒரு யூட்டா அட்டை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. டாலஸ்காரருக்கு அது வாலட்டில் இன்னொரு அட்டை.

பூட்டி, டிக்கியில் போட்டு

1986-ல் வந்த துப்பாக்கி உடைமையாளர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பயணம் தொடங்கும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உனக்கு உரிமை இருந்தால், நடுவில் எந்த மாநிலம் வந்தாலும் கடந்து போகலாம். நிபந்தனை: தோட்டா நீக்கியிருக்க வேண்டும். துப்பாக்கியும் தோட்டாவும் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கைக்கு எட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டி வேண்டும். டேஷ்போர்டு அறையும் நடு கன்சோலும் கணக்கில் வராது. எஸ்யுவி வைத்திருக்கும் நம் ஆட்கள் பலருக்கு இந்தக் கடைசி வரிதான் பொருந்தும்.

கேட்க அருமையாக இருக்கிறது. எடிசன் பயணத்துக்கு முதலில் இதைத்தான் நினைத்தேன். வரைபடத்தை எடுத்துக் கோடு போட்டேன்: லிட்டில் ராக், மெம்ஃபிஸ், நாஷ்வில், நாக்ஸ்வில், அங்கிருந்து 81-ஆம் நெடுஞ்சாலையில் வர்ஜீனியா முழுக்க மேலே ஏறி, மேற்கு வர்ஜீனியாவில் கொஞ்சம், மேரிலாந்தில் ஹேகர்ஸ்டவுன் பக்கம் ஒரு 12 மைல், பென்சில்வேனியா, பிறகு 78-இல் நியூ ஜெர்சி. சுமார் 1,500 மைல். அந்த 12 மைலை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஒரு பாட்டு முடிவதற்குள் மாநிலம் முடிந்துவிடும். ஆனால் அந்த 12 மைலுக்காக மேற்கு வர்ஜீனியாவிலேயே எங்காவது நிறுத்தி, இடுப்பிலிருந்து எடுத்து, தோட்டா நீக்கி, பூட்ட வேண்டும். பெட்ரோல் பங்கில், நான்கு பேர் பார்க்க, துப்பாக்கியை வெளியே எடுத்துக் கையாள்வது எனக்குப் பிடித்த காட்சி இல்லை. ஒவ்வொரு முறை உறையிலிருந்து எடுத்து வைப்பதும் தற்செயலாக வெடிக்க ஒரு வாய்ப்பு.

சரி, அதையும் செய்துவிடலாம். கடைசி முட்டுக்கட்டை எடிசன்தான். சட்டம் கேட்பது "போய்ச் சேரும் இடத்திலும் எடுத்துச் செல்ல உரிமை". நியூ ஜெர்சியில் எனக்கு அந்த உரிமை இல்லை. அப்படியென்றால் 1986 சட்டம் என் பயணத்தை மூடிப் பாதுகாக்கவே இல்லை. நான் நியூ ஹாம்ப்ஷயருக்கோ வெர்மான்ட்டுக்கோ போகிறவனாக இருந்தால் நியூ ஜெர்சியைக் கடந்து போகலாம்; நியூ ஜெர்சிக்கே போகிறவன் போக முடியாது. இந்த ஒரு வரியைப் படிக்காமல் "டிக்கியில் பூட்டி வச்சா எங்கேயும் போலாம்" என்று சொல்லும் ஆட்களை எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் பார்க்கலாம்.

நியூ ஜெர்சி இதில் விளையாடுவதில்லை. 2013-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த இளம் தாய் ஒருவர் ஆற்றைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள் வந்தபோது சாதாரணப் போக்குவரத்துச் சோதனையில் நிறுத்தப்பட்டார். தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது, பென்சில்வேனியா உரிமமும் இருக்கிறது என்று அவரே சொன்னார். உரிமம் இங்கேயும் செல்லும் என்று நம்பியிருந்தார். கைது. குறைந்தபட்சம் மூன்றரை வருடச் சிறை என்று பேச்சு வந்தது. பெரிய சத்தம் எழுந்த பிறகுதான் வழக்கு வேறு பாதைக்கு மாறியது. 2015-ல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். எல்லோருக்கும் ஆளுநர் வரமாட்டார்.

துப்பாக்கி மட்டும் இல்லை, அதன் துணைகளும் மாட்டும். க்ளாக் 19-உடன் வரும் மேகசின், அதாவது தோட்டா அடுக்கும் கூடு, 15 குண்டு கொள்ளும். கொலராடோவின் வரம்பு 15, நூலிழையில் தப்பிக்கிறது. இதற்கு அண்ணன் மாதிரியான பெரிய க்ளாக் 17 வைத்திருக்கிறவர் அங்கே வேறு மேகசின் தேட வேண்டும். நியூ ஜெர்சி, நியூயார்க், கலிஃபோர்னியாவில் வரம்பு 10. நுனி குழிந்த ஹாலோ பாயின்ட் தோட்டாவை டெக்சஸில் எல்லாப் பயிற்சியாளரும் சிபாரிசு செய்வார்கள். நியூ ஜெர்சியில் அதற்கே தனிக் கட்டுப்பாடு.

விமானத்தில்

பறந்து போவது பலர் நினைப்பதைவிட எளிது, சில ஊர்களைத் தவிர. தோட்டா நீக்கிய துப்பாக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டி, செக்-இன் லக்கேஜ், கவுன்ட்டரில் வாய்விட்டுச் சொல்வது. சாவி நம்மிடம்தான் இருக்க வேண்டும். முதல்முறை போனபோது கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வரிசையில் நின்றபடி மூன்று வாக்கியம் ஒத்திகை பார்த்தேன். "ஐ ஹேவ் எ கன்" என்று ஆரம்பிக்கக் கூடாது என்பது மட்டும் தெரியும். "துப்பாக்கி ஒன்றை டிக்ளேர் செய்ய வேண்டும்" என்றேன். அவர் தலைகூட நிமிராமல் ஒரு சீட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கி, பெட்டிக்குள் போடச் சொன்னார். டெக்சஸில் தினம் பத்துப் பேரைப் பார்ப்பார் போல.

சொல்லாமல் கைப்பையில் கொண்டு போகிறவர்கள்தான் கதை ஆகிறார்கள். 2023-ல் நாடு முழுவதும் சோதனைச் சாவடிகளில் பிடிபட்டவை 6,737 துப்பாக்கிகள். அவற்றில் 93 சதவீதத்தில் தோட்டா போட்டிருந்தது. அபராதம் 15,000 டாலருக்கு மேலும் போகலாம், பிரீசெக் என்கிற விரைவுச் சோதனை வசதியும் போய்விடும். என் அலுவலக நண்பர் ஒருவருக்கு இது நடந்தது. முதுகுப்பையின் அடி அறையில் வைத்ததை மறந்துவிட்டார். வேட்டைக்குப் போய் வந்த அதே பை.

விமான வழியின் பெரிய ஓட்டை நெவார்க்கும் நியூயார்க் விமான நிலையங்களும். 2005-ல் யூட்டாக்காரர் ஒருவர் பென்சில்வேனியாவுக்குப் பறந்தார். எல்லாம் முறைப்படி அறிவித்து, பூட்டி அனுப்பிய பெட்டி. நெவார்க்கில் இணைப்பு தவறியது. பெட்டியைக் கையில் கொடுத்தார்கள், இரவு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் காலை அதே நெவார்க்கில் நேர்மையாகத் துப்பாக்கியை அறிவித்தார். கைது, சில நாள் சிறை. வழக்கு பின்னால் கைவிடப்பட்டது. அவர் இழப்பீடு கேட்டுப் போனபோது, ஹோட்டலில் இருந்த அந்த இரவு பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் 1986 சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது என்று 2010-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2013-ல் அதே நீதிமன்றம், அந்தப் பிரிவு வாகனத்தில் கொண்டு செல்பவருக்குத்தான், விமான நிலையத்துக்குள் நடந்து போகிறவருக்கு இல்லை என்றும் தீர்ப்பு எழுதியது. ஆக, அந்தப் பக்கம் இணைப்பு விமானம் தவறிப் பெட்டியைக் கையில் தந்தால் வாங்கவே கூடாது. விமான நிறுவனமே வைத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, பல் துலக்கும் பிரஷ் இல்லாமல் தூங்கலாம்.

பேருந்தைப் பற்றி ஒரு வரி: கிரேஹவுண்டில் துப்பாக்கிக்கு இடமே இல்லை. ஆம்ட்ராக் ரயிலில், லக்கேஜ் பெட்டி உள்ள தடங்களில் மட்டும், 24 மணி நேரம் முன்னதாகச் சொன்னால் முடியும்.

வீட்டிலேயே விட்டுவிடுவது

இதை ஒரு வழியாகவே யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுத்துப் பழகியவர்களுக்கு இடுப்பு காலியாக இருப்பது கண்ணாடி போடாமல் வெளியே போவது மாதிரி. ஆனால் சுவரில் பதித்த பெட்டகத்தில் பூட்டி வைத்த துப்பாக்கி எந்த மாநிலச் சட்டத்தையும் மீறாது. தொலைந்தும் போகாது. பயணத்தில் துப்பாக்கி இருக்கும் இடம் பெரும்பாலும் ஹோட்டல் அறையும் நிறுத்திய காரும்தான். காரை உடைத்துத் திருடுகிறவன் தேடுவதும் அதைத்தான். ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்த எங்கள் பெரியப்பா தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வருவார். அந்த ஒரு மாதம் அது இல்லை என்பதற்காக அவர் தோட்டத்துக்குப் போகாமல் இருந்ததில்லை.

நான் செய்தது

டென்வருக்கு எடுத்துப் போனேன். அமரில்லோ, டால்ஹார்ட், டெக்ஸ்லைன் வரை டெக்சஸ். கிளேட்டனிலிருந்து ரேட்டன் வரை நியூ மெக்சிகோ. அப்புறம் டிரினிடாடில் தொடங்கி கொலராடோ. மூன்றிலும் என் அட்டை செல்லும். பின் இரண்டு மாநிலத்திலும் காருக்குள் தற்காப்புக்கு வைத்திருக்க உரிமமே தேவையில்லை, ஆனால் இறங்கிச் சாப்பிடப் போக அது வேண்டும். ரேட்டன் கணவாயில் மூச்சு வாங்க நின்றபோது பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லாதது பெரிய நிம்மதி.

நிம்மதி டென்வர் வரைதான். அந்த நகரம் 2022-லிருந்து தன் பூங்காக்களிலும் நகராட்சிக் கட்டடங்களிலும், உரிமம் இருந்தாலும், மறைத்து எடுத்துச் செல்வதைத் தடுத்திருக்கிறது. பிள்ளைகளோடு போனால் பூங்காவுக்குப் போகாமல் இருக்க முடியுமா? ராக்கி மவுன்டன் தேசியப் பூங்காவில் நிலைமை தலைகீழ்: 2010-லிருந்து தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டம்தான், எனவே மலைப்பாதையில் எடுத்துப் போகலாம். ஆனால் பார்வையாளர் மையம் கூட்டாட்சிக் கட்டடம், கதவிலேயே அறிவிப்பு ஒட்டியிருக்கும். பிள்ளைகள் ரேஞ்சர் முத்திரை குத்திக்கொள்ள உள்ளே ஓடினார்கள், நான் வெளியே கல்மேல் உட்கார்ந்திருந்தேன். தபால் நிலையமும் அப்படித்தான். அங்கே வண்டி நிறுத்தும் இடமும் சேர்த்தே தடை, போஸ்ட்கார்டு அனுப்ப மனைவிதான் இறங்கி நடந்தார்.

எடுத்து வைக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் இரும்புப் பெட்டி. ஒரு புத்தகம் அளவு இருக்கும், எஃகுக் கம்பிவடத்தை இருக்கையின் கால் சட்டத்தில் சுற்றி உள்ளே மாட்டிப் பூட்டுவது. கொலராடோவில் 2025 ஜனவரியிலிருந்து ஆளில்லாத வண்டியில் கைத்துப்பாக்கியை விட்டால், வெளியே தெரியாதபடி கெட்டிப் பெட்டியில் பூட்டி, வண்டியையும் பூட்ட வேண்டும் என்பது சட்டமே. ஐந்து நாளில் அந்தப் பெட்டியைப் பதினோரு முறை திறந்து மூடினேன். எண்ணியது நான் இல்லை, மகள்.

எடிசனுக்கு விட்டுவிட்டுப் போனோம். எல்லா வழியையும் கணக்குப் போட்ட பிறகு முடிவெடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சொந்த உரிமம் செல்லாது, யூட்டா உரிமம் வாங்கியிருந்தாலும் செல்லாது, பூட்டிக் கொண்டு போவதற்கான சட்டப் பாதுகாப்பு போய்ச் சேரும் இடத்தால் உடைகிறது, பறந்தால் இறங்குவது நெவார்க். புரூயனுக்குப் பிறகு நியூ ஜெர்சி உரிமத்துக்கே விண்ணப்பிக்க வழி உண்டு. வருடத்துக்கு ஒரு அரங்கேற்றத்துக்காக அதைச் செய்கிற ஆள் நான் இல்லை.

இதே டெக்சஸ் உரிமத்தோடு எல் பாசோ, லாரடோ பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. அங்கே ஒரு தவறான வளைவு மெக்சிகோவில் கொண்டு விட்டுவிடும், அந்த நாட்டுக்கு நம் அட்டைகள் எதுவும் தெரியாது. 2014-ல் கலிஃபோர்னியா எல்லையில் வழி தவறித் துப்பாக்கிகளோடு உள்ளே போன ஒரு முன்னாள் மரைன் வீரர் வெளியே வர 214 நாள் ஆனது. அந்தப் பக்கம் போகும்போது ஜிபிஎஸ்ஸை மனைவி கையில் கொடுத்துவிடுகிறேன்.

நெவார்க்கில் இறங்கிய இரவு மச்சான் அழைத்துப் போக வந்திருந்தார். பெட்டியை டிக்கியில் தூக்கிப் போட்டுவிட்டு, என் இடுப்பை ஒரு பார்வை பார்த்து, "என்ன மாப்பிள்ளை, வெறுங்கையோட வந்திருக்கீங்க?" என்றார். அரங்கேற்றத்துக்கு மாமா முறை செய்ய வேண்டிய பட்டுப்புடவைப் பையை டாலஸில் சோபா மேலேயே விட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.